மலிவாய் வரும் தேர்: மிகுபொருள் விரும்பாமை குறித்து ஒரு சிந்தனை

இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட ஐந்து அணுவிரதங்களுள் இறுதியாக நிற்கும் மிகுபொருள் விரும்பாமை, மற்ற நான்கினும் ஒரு வகையில் வேறுபட்டது. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை விழையாமை ஆகிய நான்கிலும் எது குற்றம் என்பதை நூலே வரையறுத்துக் கூறிவிடுகிறது. ஐந்தாவதில் மட்டும் எல்லையை வகுக்கும் பொறுப்பு விரதம் ஏற்பவரிடமே விடப்பட்டுள்ளது. இவ்வளவு நிலம், இவ்வளவு பொன், இத்தனை ஊர்தி, இதற்கு மேல் வேண்டேன் என்று அவரே தம் வாயால் கூறிக்கொள்ள வேண்டும். எல்லை நாம் வகுத்ததே ஆதலின், அதனை மீறாதது போல் மீறும் வழிகளையும் நாமே நன்கு அறிவோம். அவ்வழிகளுள் மிகவும் எளியது மலிவு. "விலை குறைவாகக் கிடைத்தது, ஆகவே வாங்கினேன்" என்று சொல்லும்போது, பொருளை விரும்பியது நாம் அல்லோம், விலையே நம்மை அழைத்தது என்பது போல் ஆகிவிடுகிறது.

இக்கருத்தை ஆராய ஒரு தெளிவான எடுத்துக்காட்டு வேண்டும். போளூர், ஆரணி, வந்தவாசி, செய்யாறு வட்டாரங்களில் உழுதொழில் செய்துவந்த நம் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று கல்வியாலும் தொழிலாலும் கடல் கடந்து வாழ்கின்றனர். பிரிட்டனில் வேலை பார்க்கும் ஓர் இளைஞரை எண்ணிக்கொள்வோம். புதிய சிறிய கார் ஒன்றின் விலைக்கு, ஒரு காலத்தில் செல்வர் மட்டுமே வாங்கக்கூடியதாக இருந்த பழைய சொகுசுக் கார் ஒன்று அவருக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா என்று ஊரில் உள்ள தந்தையைக் கேட்கிறார். அறம் அறிந்த தந்தை என்ன விடை கூறுவார்? கேள்வி காரைப் பற்றியது போல் தோன்றினாலும், விடை நம் வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் பொருந்தும்.

ஊர்தியின் வரலாறு

17, 18 ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேய உயர்குடிப் பிள்ளைகள் கல்வி முடிந்ததும் பிரான்சு, இத்தாலி முதலிய நாடுகளை மாதக்கணக்கில் சுற்றி வருவது வழக்கம். அப்பயணத்திற்குக் 'கிராண்ட் டூர்' என்று பெயர். பெரும் பயணம் என்பது அதன் பொருள். மோட்டார் வண்டி வந்த பின்னர், களைப்பின்றி விரைவாகவும் சொகுசாகவும் நாடு விட்டு நாடு செல்வதற்கென்று அமைக்கப்பட்ட கார்களுக்கு அப்பெயரே 'கிராண்ட் டூரிங்' என வந்து சேர்ந்தது. ஆகவே இது கடைக்குச் செல்வதற்கோ அலுவலகம் செல்வதற்கோ என்று எண்ணிச் செய்த வண்டி அன்று. வேலை நெருக்கடி இல்லாதவரின் நெடும்பயணத்திற்காகப் பிறந்தது.

பிரிட்டனில் பென்ட்லி, ஆஸ்டன் மார்ட்டின், ஜாகுவார் முதலிய நிறுவனங்கள் இவ்வகைக் கார்களால் புகழ் பெற்றன. 1952 இல் வெளிவந்த பென்ட்லி ஆர் டைப் கான்டினென்டல் என்னும் கார் மொத்தம் 208 மட்டுமே செய்யப்பட்டது. ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் நிறுவனம் 1998 இல் பென்ட்லியை வாங்கிய பின், அப்பழைய பெயரைத் தாங்கி 2003 இல் கான்டினென்டல் ஜிடி வந்தது. அதன் என்ஜினில் பன்னிரண்டு சிலிண்டர்கள், 6 லிட்டர் கொள்ளளவு, இரண்டு டர்போக்கள். ஆற்றல் 550 குதிரைத் திறனுக்கு மேல். உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 318 கிலோமீட்டர். எடை ஏறக்குறைய 2,400 கிலோ. புதிதில் அதன் விலை சுமார் 1,10,000 பவுன். இருபது ஆண்டுகள் கழிந்த இன்று, அத்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக அது பிரிட்டனில் விற்கப்படுகிறது.

மூன்றாண்டுக்கு மேற்பட்ட பழைய காரை இந்தியாவிற்கு இறக்குமதி செய்ய நம் நாட்டின் பொதுவான விதி இடம் தருவதில்லை. ஆகவே இக்கேள்வி பெரிதும் அயல்நாட்டில் வாழும் நம் பிள்ளைகளுக்கும், இங்கேயே பதிவாகிக் கைமாறும் வண்டியை வாங்க எண்ணுவோர்க்கும் உரியது. 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வணிக உடன்பாடு, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பிரிட்டிஷ் கார்களுக்கு நூறு விழுக்காட்டிற்கு மேல் இருந்த சுங்க வரியைப் படிப்படியாகப் பத்து விழுக்காடாகக் குறைக்க வழி செய்கிறது. மலிவு என்னும் அழைப்பு இனி நம் வாயிலுக்கும் வரக்கூடும். அது வருமுன் சிந்தித்தல் நலம்.

விலை அளவாகுமா?

ஊர்தி வகைக்கு இத்தனை இலட்சம் என்று ஒருவர் எல்லை வகுத்திருப்பின், மலிவாக வந்த பழைய பென்ட்லி அவ்வெல்லைக்குள் அடங்கிவிடும். அவருடைய கணக்கில் பிழையில்லை. ஆனால் விரதம் காத்தது கணக்கையா, மனத்தையா என்பதே வினா. தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாசுவாமி ஆசாரியர், பற்று என்பதைப் பொருளின் மேல் வைத்து விளக்கவில்லை. பொருளின்பால் உண்டாகும் மூர்ச்சை, அதாவது மயக்கமே பரிக்கிரகம் என்றார். விலைச்சீட்டு மயக்கத்தை அளக்கும் கோலன்று.

இதற்குச் சான்று ஜவ்வாது மலையிலேயே உள்ளது. ஆலங்காயத்திற்கு அருகே அம்மலைமேல் அமைந்த காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கியை அன்றைய பிரதமர் இராஜீவ் காந்தி 1986 ஜனவரி 6 அன்று அங்கே திறந்து வைத்தார். எந்தச் சொகுசுக் காரினும் விலை மிக்க கருவி அது. ஆயினும் 'இது என்னுடையது' என்று சொல்லித் தருக்குவார் ஒருவரும் இல்லை. அறிஞர் வருவர், வானை நோக்குவர், செல்வர். அதே மலையில் ஒரு குடிசையில் உள்ள பழைய சைக்கிளுக்காக உடன்பிறந்தார் இருவர் பகை கொள்ளவும் கூடும். பற்று இருக்கும் இடத்தை விலை காட்டிக் கொடுப்பதில்லை என்பது இதனால் விளங்கும்.

மேலும், பழைய சொகுசுக் காரைப் பொறுத்தவரை வாங்கும் விலை உண்மையான விலையே அன்று. வண்டியின் விலை ஐந்தில் ஒன்றாகக் குறைந்தது, உதிரி பாகங்களின் விலை அவ்வாறு குறையவில்லை. பன்னிரண்டு சிலிண்டர் என்ஜின் மிக நெருக்கமாகப் பொருத்தப்பட்டிருப்பதால், பல பழுதுகளுக்கு என்ஜினையே வெளியே இறக்க வேண்டியுள்ளது. முதலில் வாங்கிய செல்வர் ஏன் குறைந்த விலைக்கு விற்றார் என்பதற்கும் இதுவே பெரிதும் காரணம். அவர் விற்றது காரை மட்டுமன்று, அதனைப் பேணும் கவலையையும் சேர்த்தே விற்றார். எரிபொருளையும் எண்ணிப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் செல்லும் இவ்வண்டி ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடினால் 1,600 லிட்டருக்கு மேல் எரிக்கும். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் சிறிய கார் அதே தொலைவுக்கு 560 லிட்டரோடு நின்றுவிடும். இச்செலவுகளோடு காவல் வேண்டும், கூரை வேண்டும், கீறல் விழாமல் நிறுத்த இடம் வேண்டும். இரவில் மழை பெய்தால் உறக்கம் கலைந்து அதனை நினைக்கும் மனமும் வேண்டும். இவற்றையெல்லாம் கூட்டியதே அதன் விலை.

ஆகவே தந்தை கூறத்தக்க முதல் விடை இதுவாகும்: "மகனே, நீ கொடுக்கும் பணத்தைக் கொண்டு எல்லையை அளக்காதே. அப்பொருள் உன்னிடம் நாள்தோறும் கேட்கப்போவதைக் கொண்டு அள."

அதிவாகனம் என்னும் குற்றம்

நம் முன்னோர் இதனை முன்பே எண்ணியிருக்கின்றனர் என்பது வியப்பளிப்பது. சமந்தபத்திர ஆசாரியர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், ஐந்தாம் அணுவிரதத்தைக் கெடுக்கும் ஐந்து அதிசாரங்களுள் முதலாவதாக அதிவாகனத்தையே வைக்கிறது. அந்நூலைத் தழுவிய அருங்கலச்செப்பைத் தமிழில் பயின்ற நம் குடும்பங்களுக்கு இப்பொருள் புதிதன்று. எருது முதலிய விலங்குகள் துன்பமின்றிச் செல்லக்கூடிய தொலைவிற்கு மேலும் பேராசையால் அவற்றை ஓட்டுதல் என்று அதிவாகனத்திற்கு உரை கூறுவர். தேவைக்கு மிகுந்த ஊர்திகளை வைத்துக்கொள்ளுதல் என்றும் பொருள் கொள்வர்.

இரண்டு பொருளையும் இக்காரோடு பொருத்திப் பார்ப்போம். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குச் செல்லும் மலைச்சாலையில் இக்காரை ஓட்டுவதாகக் கொள்வோம். கொண்டை ஊசி வளைவுகளில் அரசுப் பேருந்தின் பின்னால் ஊர்ந்துதான் செல்ல வேண்டும். 550 குதிரைத் திறனில் பெரும்பகுதி வேலையின்றிக் கிடக்கும். பேருந்தில் இருப்போரும் காரில் இருப்போரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் மலையேறி முடிப்பர். அப்பேருந்தில் சாமை மூட்டையும் புளியும் தேனும் கொண்டு செல்லும் மலைவாழ் மக்களின் பயணம் நிறைவேறியது, இவருடையதும் நிறைவேறியது. நிறைவேறாமல் எஞ்சி நிற்பது அந்த ஆற்றல் மட்டுமே. பயன்படாத ஆற்றலுக்காகக் கொடுத்த பணமும் எரித்த எண்ணெயும் தேவைக்கு மிகுந்த ஊர்தி என்னும் பொருளில் அடங்காவோ? ஊர்தி ஒன்றே ஆயினும் அதற்குள் நான்கு ஊர்திகளின் மிகை அடங்கியிருக்கலாம். சாலை நேராகவும் வெறுமையாகவும் இருந்து அவ்வாற்றல் பயன்படுமாயின், முன்கண்ணாடியில் வந்து மோதி மடியும் சிற்றுயிர்களின் கணக்கும் உடன் ஏறும்.

இனி எருதைத் துன்புறுத்துதல் என்னும் முதற்பொருள் இன்றைய காருக்குப் பொருந்தாது என்று சிலர் கூறலாம். எருது வண்டியை இழுக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் எருது இவ்வண்டியில் இல்லாமலும் இல்லை. அன்று அது நுகத்தடியில் இருந்தது, இன்று இருக்கையில் இருக்கிறது.

தோலும் மரமும்

இவ்வகைக் காரின் இருக்கை, கதவின் உட்புறம், கைப்பிடி என எங்கும் எருதுத் தோல் போர்த்தப்படுகிறது. ஒரு வண்டிக்குப் பல எருதுகளின் தோல் தேவைப்படும். தழும்பு இருத்தலாகாது என்பதற்காகப் பூச்சிக்கடி குறைந்த குளிர்நாடுகளின் எருதுத் தோலைத் தேர்ந்தெடுப்பர். சொகுசின் சிறப்பு எனப் போற்றப்படுவது இதுவே.

பழைய காரை வாங்குவோர் கூறும் வாதம் இவ்விடத்தில் வலிமையுடையது. அதனை நேர்மையாக எடுத்துரைப்பது நம் கடன். "அவ்வெருதுகள் இருபது ஆண்டுகளுக்கு முன்னரே மாண்டுவிட்டன. நான் வாங்குவதால் ஓர் உயிரும் புதிதாகக் கொல்லப்படுவதில்லை. நான் வாங்காவிட்டால் ஓர் உயிரும் மீள்வதில்லை. மாறாக, புதிய காரை வாங்கினால் இரும்பும் இரப்பரும் புதிதாக வேண்டும், சுரங்கமும் ஆலையும் வேண்டும். ஏற்கெனவே உள்ள பொருளைப் பயன்படுத்துவதே ஆரம்ப ஹிம்சையைக் குறைப்பதன்றோ?" என்பது அவ்வாதம். இதில் பாதி உண்மை உண்டு. பழைய பொருளைப் பேணிப் பயன்படுத்துவது சிக்கனம். நம் பாட்டிமார் வெண்கலப் பானையை மூன்று தலைமுறைக்கு வைத்திருந்தது அவ்வறத்தின் பாற்பட்டதே.

மற்றொரு பாதியை ஆராய்வோம். வினை மூன்று வாயில்களால் வருகிறது: செய்தல், செய்வித்தல், உடன்படுதல். பழைய காரை வாங்குபவர் கொல்லவில்லை, கொல்லுமாறு ஏவவும் இல்லை. உடன்பட்டாரா என்பதே கேள்வி. புதிய காரை வாங்கும் செல்வர், சில ஆண்டுகள் கழித்து இதனை இன்ன விலைக்கு விற்கலாம் என்று எண்ணியே வாங்குகிறார். அவ்வெண்ணத்தை நிறைவேற்றி வைப்பவர் இரண்டாவதாக வாங்குபவர். முதல் விலையின் ஒரு பங்கை, காலம் தாழ்த்தி, இவரே கொடுக்கிறார். பங்கு சிறிதாக இருக்கலாம், இல்லை என்று கூற முடியாது. இறைச்சிக்காகக் கொன்றதன் எச்சமே தோல் என்பாரும் உளர். எச்சமும் விலை போகிறது என்பதாலேயே கொலைத் தொழிலுக்கு மேலும் ஊதியம் உண்டாகிறது.

தொலைவில் உள்ள ஒருவரின் விருப்பம் எவ்வாறு கைமாறிக் கைமாறி ஓர் உயிரைச் சென்றடைகிறது என்பதற்கு ஜவ்வாது மலை அறிந்த துயரம் ஒன்று உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திர மாநிலம் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனக் கூறி 20 பேர் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவார ஊர்களையும் சேர்ந்த ஏழைத் தொழிலாளர்கள். செம்மரம் அயல்நாட்டுச் செல்வர் வீட்டில் அழகிய மேசையாகவும் நாற்காலியாகவும் ஆவதற்காகக் கடத்தப்படுவது. அம்மேசையை வாங்கியவர் கையில் கோடரி இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஜவ்வாது மலை என்னும் பெயரையே அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆயினும் அவர் விருப்பமே அங்காடியைக் கூட்டியது, அங்காடி இடைத்தரகரைத் தேடியது, தரகர் கூலிக்கு ஏங்கிய மலைமகனைத் தேடினார். நாம் பேசும் காரில் செம்மரம் இருக்கிறது என்று கூற வரவில்லை. விருப்பம் நடந்து செல்லும் வழி இரண்டிலும் ஒன்றே என்பதைக் காட்டவே இதனைக் கூறினோம். அம்மேசை பழைய பொருளாக மலிந்து நம்மிடம் வருமாயின், 'இறந்தவர் இறந்துவிட்டார், இனி நமக்கென்ன' என்று அதன்மேல் உணவுத் தட்டை வைக்க நம் மனம் இசையுமா? இசையாது எனில், தோலுக்கு மட்டும் அவ்வாதத்தை ஏன் ஏற்க வேண்டும்?

தோற்பையில் வைத்த நீரையும் நெய்யையும் எண்ணெயையும் புலால் உண்ணாமை என்னும் விரதத்தின் பொருட்டு விலக்குமாறு சிராவகாசார நூல்கள் கூறுகின்றன. அத்தோலுக்குரிய விலங்கும் என்றோ மாண்டதுதான். மாண்டது என்பது ஒன்றையே விடுதலைச் சீட்டாக நம் முன்னோர் கொள்ளவில்லை.

திருமலை காட்டும் வழி

ஜவ்வாது மலைத்தொடருக்குக் கிழக்கே போளூர் வட்டத்தில் உள்ள திருமலைக்குச் செல்லாத தமிழ்ச் சமணர் அரியர். ஏறத்தாழ 16 மீட்டர் உயரத்தில் அங்கே பாறையில் நிற்கும் நேமிநாதர், ஊர்தியிலிருந்து இறங்கியவர் என்பதை நாம் நினைப்பதில்லை. திருமணக் கோலத்தில் தேரேறிச் சென்றவர், வழியில் அடைபட்டிருந்த விலங்குகளைக் கண்டார். அவை எதன் பொருட்டு அடைக்கப்பட்டுள்ளன என்று வினவினார். தம் திருமண விருந்திற்காகவே என்று அறிந்ததும் தேரைத் திருப்பினார், துறவு பூண்டார்.

இந்நிகழ்ச்சியை நம் கேள்வியோடு அளவறிந்து பொருத்த வேண்டும். அவர் திரும்பியதால் அவ்விலங்குகள் பிழைத்தன. நாம் பழைய காரை விலக்குவதால் அவ்வெருதுகள் பிழைக்கப் போவதில்லை. இவ்வேறுபாட்டை மறைத்து, பழைய காரில் ஏறுபவரைக் கொலைகாரர் எனப் பழிப்பது அறமன்று, பொய்யாமைக்கும் இழுக்காகும். ஆனால் நேமிநாதர் செய்தவற்றுள் ஒன்று நம்மாலும் இயலும். அவர் வினவினார். விருந்து தமக்காக என்பது அவருக்குத் தெரியாது. தெரியாதது குற்றமாகாது. கண்ணெதிரே கண்டும் கேளாமல் தேரைச் செலுத்தியிருப்பின் அது குற்றமாகியிருக்கும். துறத்தல் துறவிக்கு உரியது. வினவுதல் இல்லறத்தாருக்கும் உரியது. இப்பொருள் எதனால் ஆனது, யார் கை பட்டு வந்தது, எதற்காக எனக்கு வேண்டும் என்று வாங்குமுன் கேட்பது அணுவிரதத்தின் முதற்படி.

பழைய ஊர்தி வாங்கிய ஒருவர்

பிறர் பயன்படுத்திய பிரிட்டிஷ் ஊர்தியை வாங்குவது எந்நிலையிலும் தவறு என்று கூறிவிடவும் இயலாது. கோவையைச் சேர்ந்த அறிவியல் மேதை ஜி. டி. நாயுடு (1893-1974) இளமையில் ஓர் ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். அதனை வாங்குவதற்காகவே கோவை உணவகம் ஒன்றில் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். வாங்கிய பின் அதில் ஏறி ஊர் சுற்றவில்லை. ஆணி ஆணியாகப் பிரித்தார், மீண்டும் பூட்டினார், அதன் இயக்கத்தைக் கற்றார். 1920 இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கினார். அது பின்னர்ப் பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

இவரும் ஆசைப்பட்டே வாங்கினார். ஆயினும் அவ்வாசை பொருளோடு நின்றுவிடாமல் அறிவாகவும், அறிவு பிறர்க்குப் பயனாகவும் மாறியது. பொருளை வாங்குபவர் இருவகையினர். ஒருவருக்குப் பொருள் வழி, மற்றவருக்குப் பொருளே ஊர். பழைய பென்ட்லியைத் தம் கையால் பழுதுபார்த்துத் தொழில் கற்று, அத்தொழிலால் வாழ எண்ணும் இளைஞருக்கும், அண்டை வீட்டார் காணும்படி வாயிலில் நிறுத்த எண்ணும் இளைஞருக்கும் ஒரே விடையைக் கூற முடியாது. அழகிய பொறியைக் கண்டு மகிழ்வது மட்டுமே நோக்கமெனில் அதற்கு உரிமையாளராக வேண்டியதில்லை. நாயுடு அவர்களின் அறக்கட்டளையைச் சார்ந்து 2015 முதல் கோவையில் இயங்கும் கார் அருங்காட்சியகத்தில் பழங்கார்களை எவரும் கண்டு வரலாம்.

வாங்காதவர்க்கு ஒரு சொல்

இதுகாறும் படித்த நம்மில் பெரும்பாலோர், 'இவ்வகைக் காரை நாம் வாங்கப் போவதில்லை, ஆகவே நமக்குக் குற்றமில்லை' என்று அமைதி கொள்ளலாம். அவ்வமைதியும் சற்று அவசரமானது. மேலே கூறிய ஐந்து அதிசாரங்களுள் விஸ்மயம் என்பதும் ஒன்று. பிறர் செல்வத்தைக் கண்டு வியந்து ஏங்குதல் என்பது அதன் கருத்து. தெருவில் செல்லும் காரைக் கண்டு, அதன் விலையை வினவி, நமக்கு வாய்க்கவில்லையே என்று வெதும்பும் மனம், அக்காரை வாங்காமலே அதன் சுமையைச் சுமக்கிறது. அதே மனம் சில நாள் கழித்து, 'இவருக்கு எப்படி இவ்வளவு பணம்' என்று புறங்கூறவும் தொடங்கும். வாங்கியவர் ஒரு காருக்கு உடையவர். ஏங்குபவரோ ஊரில் உள்ள கார்களுக்கெல்லாம் மனத்தால் உடையவர். வறுமையால் வாங்காமை விரதமாகாது. வாங்க இயன்றபோதும் வேண்டாமையே விரதம்.

ஆகவே மகனுக்கு எழுதும் தந்தை தடையுத்தரவு எழுத வேண்டியதில்லை. நான்கு கேள்விகளை எழுதினால் போதும். இவ்வண்டி செய்யும் வேலையில் எவ்வளவு உனக்கு உண்மையில் தேவை? வாங்கும் விலையை விடுத்து, ஐந்தாண்டு பேணும் செலவைக் கூட்டினாலும் நீ வகுத்த எல்லைக்குள் நிற்குமா? அதில் போர்த்தியுள்ள தோலின்மேல் ஒவ்வொரு நாளும் அமரும்போது உன் மனம் கூசுமா, அல்லது நாளடைவில் கூசாமல் பழகிவிடுமா? நாளையே அது தொலைந்துபோனால் நீ எத்தனை நாள் வருந்துவாய்?

இவற்றுள் மூன்றாவது கேள்வியே கடினமானது. கூச்சம் மறைவதை நாம் வசதி என்கிறோம், உண்மையில் அது இழப்பு. கொல்லாமையைப் பிறவியிலேயே பெற்ற குடும்பத்தின் பிள்ளைக்கு அக்கூச்சம் தாய் தந்த சீதனம். பல தலைமுறை காத்த அதனை, நல்ல விலைக்கு வந்தது என்பதற்காக ஒரு வண்டிக்கு ஈடாகக் கொடுப்பது மலிவான பேரம் அன்று. நான்கு கேள்விக்கும் மனம் கலங்காது விடை கூற வல்லவர் வாங்கலாம். அவ்வாறு விடை கூறிப் பார்ப்போருள் பலர், புதியதோ பழையதோ, துணி இருக்கை கொண்ட சிறிய கார் ஒன்றே போதும் என்னும் முடிவுக்கு வருவர் என்பது நம் எண்ணம்.

ஏற்கெனவே தோல் இருக்கையுள்ள கார் வீட்டில் இருப்பின் அதனை எறிய வேண்டியதில்லை. எறிந்தால் மற்றொன்று செய்யப்படும். உள்ளவரை ஓட்டுக. கிழிந்தால் துணியால் தைத்துக்கொள்க. பெருமைக்காக எவருக்கும் காட்டாதிருக்க. அடுத்த முறை வாங்கும்போது விற்பவரிடம் விலையைக் கேட்குமுன், இது எதனால் ஆனது என்று கேட்கும் பழக்கத்தை வீட்டுப் பிள்ளைகள் காணும்படி கைக்கொள்க. எல்லையை நாமே வகுக்கும் உரிமையை ஆசாரியர்கள் நமக்குத் தந்தது, நம்மீது வைத்த நம்பிக்கையால். அந்நம்பிக்கைக்கு ஏற்ப, ஆசை எழுந்த பின்னர் எல்லையை நீட்டாமல், ஆசை எழுமுன் எல்லையை எழுதி வைப்போமாக.